வால் நுனி மூடும் வரை

‘இனம்’ என்ற கட்டத்திலேயே மாட்டிக்கொண்டேன். பெங்களூரிலிருந்து அக்கா மகள் அனுப்பிய படிவம். அவள் வளர்ப்பது பாரசீகப் பூனை. கதவு சாத்துகிற நேரம் பார்த்துத் தலையை நீட்டி அடிபட்டது போன்ற தட்டை முகம். அதற்கு இன்ஷூரன்ஸ் எடுத்துவிட்டாளாம். “சங்கராவுக்கும் எடுத்துடுங்க மாமா. வயசாயிடுச்சு, நாளைக்கு கிட்னி, பல்லுன்னு வந்தா என்ன பண்ணுவீங்க?”

சங்கரா என் பூனை. சங்கரா மீன் நிறத்தில் இருப்பதால் அந்தப் பெயர். எங்கள் எண்ணூர் நெட்டுக்குப்பத்தில் அதற்கு மேல் அவன் வம்சாவளியை யாரும் விசாரித்ததில்லை.

அடுத்த கட்டம், பிறந்த தேதி. 2015 டிசம்பர் வெள்ளத்தில், கவிழ்த்துப் போட்டிருந்த ஃபைபர் போட்டுக்கு அடியிலிருந்து கத்திக்கொண்டு வந்தவன். முதல் வருஷத்துக்குப் பதினைந்து, இரண்டாவதுக்கு ஒன்பது, அப்புறம் வருஷத்துக்கு நான்கு என்று பூனை வயசை மனித வயசாக்க டாக்டர்கள் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். அதன்படி பத்து முடிந்தால் ஐம்பத்தாறு, பதினொன்று முடிந்தால் அறுபது. ஆக, பையனுக்குச் சஷ்டியப்தபூர்த்தி நெருங்குகிறது. கம்பெனிக்கோ அந்த வயசு ஆகாது. புதிதாகச் சேர வயசு வரம்பு உண்டு. ஏற்கெனவே இருக்கிற நோய்க்குப் பணம் வராது. சேர்ந்த கையோடு படுத்துக்கொண்டாலும் வராது, சில நாள் காத்திருக்க வேண்டும். போன மாதம் இவனைக் கூடையில் வைத்து எண்ணூர் ரயிலில் சென்ட்ரல் போய், அங்கிருந்து ஆட்டோவில் வேப்பேரி கால்நடை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். 1903இல் தொடங்கிய கல்லூரியின் ஆஸ்பத்திரி அது. கிட்னியைக் கவனிக்கச் சொல்லிவிட்டார்கள். ஆகவே அந்தக் கட்டத்துக்கும் ஒரு கோடு.

படிவம் எனக்குப் புதிதல்ல. மீனவர் கூட்டுறவு சங்கத்தில் கணக்கெழுதி ஓய்வு பெற்றவன் நான். விபத்தில் மீனவர் இறந்தால் 5 லட்சம், பாதி ஊனமென்றால் இரண்டரை லட்சம் என்பதெல்லாம் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். உடல் கிடைத்தால் சிக்கலில்லை. கடல் திருப்பித் தராதவர்களின் வீட்டில்தான் பேனா நகராது. ஏழு வருஷம் தகவல் இல்லாமல் போனால்தான் ஒருவர் இறந்ததாகச் சட்டம் எடுத்துக்கொள்ளும். அதற்கு முன்னால் பணம் வாங்கப் பட்ட பாட்டை எழுதினால் இந்தக் கட்டுரை வேறாகிவிடும். பூனைப் படிவத்திலும் ‘காணாமல் போனால்’ என்று ஒரு வரி வந்தது. போலீஸ் புகாரின் நகல் வேண்டுமாம். சங்கரா மாதம் ஒரு தடவை மூன்று நாள் காணாமல் போகிறவன். ஸ்டேஷனில் எனக்கு நாற்காலியே போட்டுவிடுவார்கள்.

பசு இன்ஷூரன்ஸில் இந்தக் குழப்பமெல்லாம் இல்லை. காதில் எண் போட்ட வில்லை. மாடு செத்தால் அந்தக் காதுவில்லையைக் கழற்றி ஒப்படைக்க வேண்டும். எங்களுக்குப் பால் ஊற்றின அக்கா, அதைக் கைக்குட்டையில் முடிந்து, தாலியைக் கழற்றிக் கொண்டுவருகிறவள் மாதிரி மேசையில் வைத்ததைப் பார்த்திருக்கிறேன்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர்க் கழிமுகத்துக்குள் எண்ணெய் இறங்கியபோது, ஒரு காலையில் சங்கரா நான்கு கால்களிலும் கறுப்புச் சாக்ஸ் போட்டுக்கொண்டு வந்தான். வாசலில் உட்கார்ந்து அதை நக்க ஆரம்பித்துவிட்டான். பக்கத்து வீட்டு அக்கா கழுத்தைப் பிடித்துக்கொள்ள, நான் தேங்காயெண்ணெய் தடவித் தடவிப் பழைய லுங்கியால் துடைத்தேன். விரல் இடுக்கில் தார் மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது. கட்டைவிரலில் அவன் கடித்த தழும்பு இன்னும் இருக்கிறது. பிறகு நிவாரணம் வந்தது. மீனவக் குடும்பத்துக்கு 12,500 ரூபாய், படகைச் சரிசெய்ய 10,000, பாதிக்கப்பட்ட மற்றக் குடும்பங்களுக்கு 7,500. எண்ணெய் அப்பின கூழைக்கடாக்களைத் தேடி வனத்துறையும் வந்தது. பூனை எந்தத் துறைக்குள்ளும் வராது.

பூனைக்கு விலை போட்ட ஒரே ராஜாவை எனக்குத் தெரியும். பல வருஷத்துக்கு முன் கன்னிமாரா நூலகத்தில், வேறெதையோ தேடப்போய்ப் படித்தது. பத்தாம் நூற்றாண்டில் வேல்ஸை ஆண்ட ஹவெல் தா. அவர் பெயரில் வழங்கும் சட்டத் தொகுப்பில் பூனைக்கென்றே ஒரு பகுதி உண்டு. கண் திறக்காத குட்டி ஒரு பென்னி. கண் திறந்தது முதல் எலி பிடிக்கும்வரை இரண்டு. எலி பிடித்துவிட்டால் நான்கு. விற்கிற பூனைக்குக் கண், காது, நகம் எல்லாம் சரியாக இருக்க வேண்டும். எலி பிடிக்க வேண்டும். தன் குட்டியைத் தானே தின்னக்கூடாது. இதில் ஒன்று குறைந்தாலும் விற்றவன் விலையில் மூன்றில் ஒரு பங்கைத் திருப்பித் தர வேண்டும். அமாவாசை கழிந்த பிறைக்குப் பிறை துணை தேடிக் கத்தப் போகாத பூனையாக இருக்க வேண்டும் என்றுகூட ஒரு சுவடியில் சேர்த்திருக்கிறார்கள். சங்கரா அங்கே விலைபோகமாட்டான்.

எலி பிடித்தால் விலை ஏறுகிறது, சரி. வயசானால் இறங்கும் என்று நான் படித்த அளவில் எங்கும் இல்லை. நகமும் கண்ணும் இருக்கிறவரை கிழட்டுப் பூனையும் நான்கு பென்னிதான். எங்கள் சங்கத்து ஜீப்புக்குக்கூட வருஷா வருஷம் தேய்மானம் கழித்தவன் நான். எனக்கு இது பெரிய ஆச்சரியம்.

அதைவிட ஆச்சரியம் ராஜாவின் களஞ்சியத்துப் பூனை. அதைக் கொன்றவனோ திருடினவனோ என்ன கொடுக்க வேண்டும்? பூனையை வாலைப் பிடித்துத் தலைகீழாக, மூக்கு தரையைத் தொடும்படி தூக்க வேண்டும். அதன் மேல் கோதுமையைக் கொட்டிக்கொண்டே வர வேண்டும். வால் நுனி மூடும்போது எவ்வளவு தானியமோ அதுதான் பூனையின் விலை. அந்தப் பூனை இருந்திருந்தால் எலியிடமிருந்து காப்பாற்றியிருக்கும் தானியம் என்று ராஜா நினைத்திருப்பாரோ என்னவோ. எனக்கு அந்தக் குவியல்தான் முன்னால் நிற்கிறது.

பாற்கடலை முழுக்க நக்கிக் குடிக்க வந்த பூனை என்று அவையடக்கத்தில் தன்னைச் சொல்லிக்கொண்டார் கம்பர். அந்தப் பூனைக்குப் பால் கிடைத்தது. முகத்துவாரத்தில் உட்கார்ந்து தண்ணீரையே பார்த்துக்கொண்டிருக்கும் சங்கராவுக்கு அனல்மின் நிலையத்துச் சாம்பலும், அதற்குள்ளும் எப்படியோ பிழைத்திருக்கும் மடவை மீனும்தான்.

நேற்று மத்தியானம் அவன் வலைக்குவியல் மேல் காலை நீட்டித் தூங்கும்போது வலை நூலை எடுத்து அளந்தேன். மூக்கில் ஒரு முடிச்சு. வாலுக்கு வரும்போது விழித்துக்கொண்டு நூலைக் கடித்தான். மறுபடி அவன் தூங்கும்வரை காத்திருந்து இன்னொரு முடிச்சு. இரண்டடி நான்கு அங்குலம். நூலைச் சுருட்டிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு அரிசிக்கடைத் தம்பியிடம் போனேன்.

“தரையில் கொட்டினா இந்த உசரம் நிக்கணும். எவ்ளோ அரிசி ஆகும்?”

“உசரம் ஏற ஏற அடி அகண்டுக்கிட்டே போவும் மாமா. இருபத்தஞ்சு கிலோ சிப்பம் இருபதுக்கு மேல ஆகும். வீட்ல கல்யாணமா?”

“பூனைக்கு” என்றேன். அவர் மேற்கொண்டு கேட்கவில்லை.

அரை டன். ரேஷனில் மாதம் இருபது கிலோ என்றால் இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகும். வீட்டுக்கு வந்து, ‘விலங்கின் மதிப்பு’ என்ற கட்டத்தில் ‘அரிசி, சிப்பம் 20’ என்று தெளிவாக எழுதி, படம் பிடித்து அக்கா மகளுக்கு அனுப்பினேன். ராத்திரி பதில் வந்தது.

“பொன்னியா, ரேஷனா மாமா?”