உடுப்பவளுக்கா, பார்ப்பவருக்கா?

ஒரு சட்டையைக் கையிலே கொடுத்து, "இது நல்ல சட்டைதானா?" என்று கேட்டால் நீங்கள் என்ன செய்வீர்கள்? துணியைத் தடவிப் பார்ப்பீர்கள், நிறத்தைப் பார்ப்பீர்கள், விலையைக் கேட்டு உதட்டைப் பிதுக்குவீர்கள். தையற்காரியாகிய நான் செய்வது வேறு. உடுத்திக்கொள்ளச் சொல்வேன். உடுத்தியபின், "இரு கையையும் மேலே தூக்கு, குனிந்து தரையைத் தொடு, சம்மணமிட்டு உட்கார், எழுந்து நான்கு எட்டு விரைந்து நட" என்பேன். இந்த நான்கு தேர்விலும் தேறியதே உடை. தேறாதது, துணிக்கடை வாயிலில் நிற்கிறதே தலையில்லாப் பொம்மை, அதற்கேற்ற அலங்காரம்!

ஆணின் சட்டை பெரும்பாலும் தேறிவிடுகிறது. பெண்ணின் உடைக்கு வரும்போதோ தேர்வே மாறிவிடுகிறது. "குனிந்தால் தெரிகிறதா? நடந்தால் விலகுகிறதா? காற்றடித்தால் பறக்கிறதா?" இவைதாம் என் கடையிலே எழும் கேள்விகள். கேட்பவள் பெண், கேட்க வைத்தவர் யார்? உடுப்பவளுக்கு வசதிதானா என்ற வினா எங்கே ஓடி ஒளிந்தது?

திருநெல்வேலியிலிருந்து தென்காசி செல்லும் நெடுஞ்சாலையிலே இருக்கிறது எங்கள் ஆலங்குளம். அங்கே ஒரு சந்தில் பதினெட்டு ஆண்டுகளாகத் தையல் இயந்திரம் மிதிப்பவள் நான். என்னிடம் வருவோரில் பாதிப்பேர் பீடி சுற்றும் பெண்கள். மீதிப்பேர் மிளகாய்த் தோட்டத்திலும் தக்காளித் தோட்டத்திலும் களையெடுப்பவர்கள், பறித்ததைப் பாவூர்சத்திரம் சந்தைக்கு ஏற்றிவிடுபவர்கள். பட்டுக்கு இரவிக்கை தைக்க வருவோர் முகூர்த்த மாதங்களில் வருவார்கள். அவர்களால் வாடகை கட்டுகிறேன். ஆனால் உடையைப் பற்றி நான் கற்றதெல்லாம் பீடிக்காரப் பெண்களிடம்தான்.

உடை உடம்பில் நிற்க இரண்டே வழிகள் உண்டு. ஒன்று தோளில் தொங்க வேண்டும். அல்லது இடுப்பில் இறுக வேண்டும். புடவை இடுப்பில் இறுகும் இனம். ஐந்தரை மீட்டர்த் துணியின் பாரம் முழுவதையும் தாங்குவது, பாவாடையின் ஒரு நாடா. மடியிலே சுளகை வைத்து, இலையை நறுக்கி, தூளை இட்டு, சுருட்டி, நூல் கட்டி, ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிறவள் காலை முதல் மாலை வரை அந்த நாடாவின் மேலேயே குந்தியிருக்கிறாள். அவிழ்த்தால் இடுப்பைச் சுற்றிக் கருத்த வடு. "அது கிடக்கட்டும், எல்லாருக்கும் உள்ளதுதானே" என்பார்கள். எல்லாருக்கும் உள்ளது என்பதனாலேயே நல்லதாகிவிடுமா? ஆண்டுக்கணக்கில் நாடா உரசிய இடம் புண்ணாகி, புண் ஆறாமல், மிக அரிதாகப் புற்றாகவும் மாறக்கூடும் என்று மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள். பீகாரிலும் மகாராட்டிரத்திலும் அவ்வாறு துன்புற்ற முதிய பெண்கள் இருவரைப் பற்றி 2024-இல் பிரிட்டிஷ் மருத்துவ ஏடு ஒன்றில் கட்டுரை வந்தது. நாடாவைத் தளர்த்திக் கட்டுங்கள் என்பதே அவர்கள் கூறும் அறிவுரை. தளர்த்தினால் புடவை நிற்குமா என்பதைக் கட்டிப் பார்த்தவர்கள் சொல்லட்டும்!

இந்த இடத்தில்தான் நைட்டி வந்து புகுந்தது. இரவுக்கென்று வந்த உடை. எங்கள் ஊரிலே பகல் முழுவதையும் அதுவே ஆள்கிறது. ஏன்? தோளில் தொங்குகிறது, இடுப்பை விட்டுவிட்டது. அவ்வளவுதான் அதன் புரட்சி! எந்த மேடையும் ஏறாமல், எந்தத் தீர்மானமும் போடாமல், உழைக்கும் பெண்கள் தாமே தேர்ந்துகொண்ட உடை அது. அதை நகைச்சுவைத் துணுக்குகளுக்குக் கருப்பொருளாக்கிச் சிரிக்கிறவர்கள், பீடிச் சுளகை மடியில் வைத்து அரை நாள் உட்கார்ந்து பார்த்தபின் சிரிக்கலாம்.

நைட்டி குறையற்றதென்று நான் கூற வரவில்லை. கடையில் தொங்கும் நைட்டிகளில் கைக்குழியை ஆழமாக இறக்கி வெட்டுகிறார்கள். குழி பெரிதானால் கை எளிதாக அசையும் என்று எண்ணுவீர்கள்; நானும் தொழில் கற்ற புதிதில் என் ஆசிரியையிடம் அதைத்தான் கேட்டேன். உண்மை நேர்மாறானது. குழி தாழ இறங்கினால் கையும் உடலும் ஒரே துணியாகப் பிணைந்துவிடும். கையைத் தூக்கினால் உடை முழுவதும் கூடவே ஏறும். குழி அக்குளுக்கு அருகே இருந்தால் கை மட்டும் உயரும், உடை இருந்த இடத்தில் இருக்கும். அக்குளில் உள்ளங்கையளவு சதுரத் துண்டு ஒன்றை மூலைவாட்டில் வைத்துத் தைத்தால் இன்னும் நன்று. கீழ்ச்சுற்று ஒடுங்கியிருந்தால் எட்டு வைக்க முடியாது. இருபுறமும் முக்கோணத் துண்டு சேர்த்து அகலப்படுத்தினால் வாய்க்காலைத் தாண்டலாம். துணி கூடுதலாக ஆவது முக்கால் மீட்டர். கடைச்சரக்கு விற்பவர் அந்த முக்கால் மீட்டரைத்தான் மிச்சம் பிடிக்கிறார்.

வெட்டுக் குறையைக் கத்தரிக்கோல் தீர்த்துவிடும். கத்தரிக்கோலுக்கு அடங்காத குறை இன்னொன்று உண்டு. தெருமுனைக் கடைக்கு உப்பு வாங்கப் போகிறாள் ஒருத்தி. கழுத்து முதல் கணுக்கால் வரை நைட்டி மூடியிருக்கிறது. ஆனாலும் தோளிலே ஒரு துண்டை எடுத்துப் போட்டுக்கொள்கிறாள்! எதற்கு அந்தத் துண்டு? குளிருக்கா? வெயிலுக்கா? வியர்வைக்கா? அதனால் கை ஒன்று வீணாகிறது, நழுவுவதைப் பிடித்துக்கொண்டே நடக்க வேண்டியிருக்கிறது. அந்தத் துண்டு அவளுக்கன்று. திண்ணையில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு அவள் கட்டும் வரி! அந்த வரியையும் போதாதென்று எண்ணிய ஊர் ஒன்று ஆந்திரத்திலே உண்டு. 2018-இல் மேற்குக் கோதாவரியின் தோகலப்பள்ளியில், காலை 7 மணி முதல் மாலை 7 மணி வரை பெண்கள் நைட்டி உடுத்தலாகாது, மீறினால் 2000 ரூபாய் தண்டம், காட்டிக்கொடுப்போர்க்கு 1000 ரூபாய் பரிசு என்று ஊர்ப் பெரியவர்கள் கட்டளையிட்டார்கள்.

இந்தக் கூத்தின் வேர் எங்கள் பக்கத்திலும் ஓடுகிறது. ஆலங்குளத்திலிருந்து மேற்கே, தென்காசியைத் தாண்டினால் செங்கோட்டை. 1956 நவம்பர் முதல் நாளன்று தமிழகத்தோடு இணையும்வரை அது திருவிதாங்கூர் மண். அந்தத் திருவிதாங்கூரின் தென்பகுதியிலேதான் தோள்சீலைப் போராட்டம் மூண்டது. நாடார் குலப் பெண்கள் மார்பை மறைத்து மேலாடை போட்டதற்காகத் தெருவிலும் சந்தையிலும் தாக்கப்பட்டார்கள், ஆடை கிழிக்கப்பட்டார்கள். 1822-இல் தொடங்கிய கலகம் 1859 வரை விட்டுவிட்டு எரிந்தது. 1859 சூலை 26-இல் மன்னர் இறங்கிவந்து உரிமை அளித்தார். அதிலும் ஒரு முள்! மறைத்துக்கொள்ளலாம், ஆனால் மேல்சாதிப் பெண்களைப் போல உடுத்தலாகாதாம். அன்று மேலே துணியைப் போட்டால் அடி. இன்று போடாவிட்டால் ஏச்சு. துணி மாறியது, கட்டளையிடும் வாய் மாறவில்லையே, தோழர்களே!

சாரல் காலத்தில் குற்றாலம் வருகிறீர்களே, அங்கேயும் சற்று நின்று பாருங்கள். ஆண் இடுப்பில் ஒரு துண்டோடு அருவியில் நுழைகிறான், நீர் உடலில் விழுகிறது, துள்ளுகிறான். பேரருவியில் பெண்களுக்கென்று தனியிடம் உண்டு. அங்கே அவள் புடவையோடு, அல்லது சுடிதாரும் துப்பட்டாவுமாக, அல்லது நைட்டியும் அதன்மேல் துண்டுமாக நுழைகிறாள். விழும் நீரைத் துணி குடிக்கிறது. குடித்த துணி காலைச் சுற்றுகிறது. வழுக்கும் பாறையில் ஒரு கையால் கம்பியையும் மறு கையால் துணியையும் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். அருவி எல்லார்க்கும் பொது. குளியல் மட்டும் பொதுவன்று. 1881-இல் இலண்டன் மாநகரிலே பெண்கள் சிலர், அறிவுக்கிசைந்த உடைக்கென்றே ஒரு கழகம் கண்டார்கள். ஒரு பெண் அணியும் உள்ளாடைகளின் எடை 7 பவுண்டுக்கு மேற்படலாகாது என்பது அவர்கள் வைத்த கோரிக்கை. அதை முதன்முதலில் படித்தபோது, இவ்வளவு சுமந்தார்களா என்று வியந்தேன். நனைந்த புடவையைப் பிழிந்தவர்கள் வியக்கமாட்டார்கள்.

குளியலிலாவது துணி இடைஞ்சல் மட்டுமே. வண்டியிலே அது உயிரோடு விளையாடுகிறது. நடனப் புரட்சி செய்த இசடோரா டங்கன் 1927-இல் பிரான்சின் நீசு நகரில், கழுத்தில் சுற்றிய நீண்ட பட்டுத்துணி காரின் சக்கரத்தில் சிக்கி மாண்டார். நம் நாட்டில் அதைச் செய்வது துப்பட்டாவும் முந்தானையும். 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 123-ஆவது விதி, இருசக்கர வண்டியின் பின்சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மறைக்கும் காப்புத் தடுப்பு வேண்டும் என்கிறது. பின்னால் இருப்பவரின் உடை சிக்காமலிருக்க. 'சாரி கார்டு' என்று கடைக்காரர் சொல்வது அதைத்தான். நல்ல விதி; வரவேற்கிறேன். ஆயினும் எண்ணிப் பாருங்கள்! பெண் உடைக்கேற்பச் சைக்கிளின் குறுக்குக் கம்பியை வளைத்தோம். வண்டிக்குத் தடுப்புப் பூட்டினோம். பெண்ணை ஒருபக்கமாகச் சாய்ந்து உட்காரப் பழக்கினோம். இரும்பை வளைக்கத் துணிந்தவர்கள் துணியைத் தொடத் துணியவில்லை!

எனக்கு இன்றும் வயிறெரியும் நிகழ்ச்சி ஒன்று உண்டு. பீடி சுற்றும் தாய் ஒருத்தி, தன் மகளை அழைத்துக்கொண்டு வந்தாள். பெண் ஒன்பதாம் வகுப்பு, ஓட்டத்தில் வல்லவள், வட்டாரப் போட்டிக்குப் பெயர் கொடுத்திருந்தாள். பெயர் சொல்ல விரும்பாத அவளது பள்ளியில், அரைக்கால் சட்டை கூடாது, சுடிதார் போட்டு, துப்பட்டாவை இருபுறமும் ஊக்குக் குத்தி ஓடட்டும் என்று கூறிவிட்டார்கள். "யக்கா, ஓடவும் முடியணும், அவுங்க வாய மூடவும் செய்யணும். அப்படி ஒண்ணு தச்சுக் குடு" என்றாள் தாய். முழங்காலுக்குச் சற்றுக் கீழே வரும் கால்சட்டையும், தொடையில் இடம் விட்டு, பக்கப் பிளவை இடுப்புவரை ஏற்றிய தளர்ந்த சட்டையும் தைத்தேன். துப்பட்டாவுக்குப் பதில் சட்டையின் முன்புறத்திலேயே இன்னொரு அடுக்குத் துணி வைத்தேன். கடை வாசலில் உடுத்திக்கொண்டு ஓடிக் காட்டினாள். கன்றுக்குட்டி அவிழ்ந்ததுபோல் இருந்தது. பள்ளியிலே அதையும் ஒப்பவில்லை. அவ்வாண்டு அவள் ஓடவில்லை. அடுத்த ஆண்டு பெயரும் கொடுக்கவில்லை. அந்தச் சட்டையை அவள் தங்கை வீட்டில் போட்டுக் கிழித்தாள்.

அண்மையில் கல்லூரி மாணவி ஒருத்தி கைப்பேசியில் ஒரு படம் காட்டி, 'ரோம்பர்' வேண்டும் என்றாள். மேல்சட்டையும் கால்சட்டையும் ஒன்றாய் இணைந்த உடை. நம் கைக்குழந்தைகளுக்குப் போடுவது. தாராளமாகத் தைக்கலாம். தோளிலிருந்து தொடையிடுக்கு வழியாக மறுபடி தோள்வரை அளவெடுக்க வேண்டும். நின்றபடி எடுத்த அளவு உட்கார்ந்தால் போதாது. மூன்று, நான்கு விரற்கடை கூட்டாவிட்டால் குனியும்போது வெட்டும். இவையெல்லாம் என் வேலை. என்னால் தீர்க்க முடியாதது ஒன்றிருந்தது: சிறுநீர் கழிக்க உடை முழுவதையும் கழற்ற வேண்டும். தாழ்ப்பாளும் தண்ணீரும் உடைய கழிப்பறை எத்தனை பேருந்து நிலையங்களில் உண்டு? தோட்டத்து வேலைக்காரி புடவையை ஏன் விடவில்லை என்று கேட்கும் இளைஞர்களுக்கு இதையே விடையாகச் சொல்வேன். மறைவில் குந்தினால் புடவையே சுவராகிவிடும். உடைச் சீர்திருத்தம் பேசுவோர் கழிப்பறையையும் சேர்த்துப் பேசவேண்டும்.

புடவைக்கு வேறு பெருமைகளும் உண்டு, மறைக்கமாட்டேன். மெலிந்தாலும் பருத்தாலும் சூலுற்றாலும் அதுவே பொருந்தும். தையற்காரியின் தயவு வேண்டாம். கிழிந்தால் தூளி, மேலும் கிழிந்தால் கரித்துணி. அதைக் கொளுத்தச் சொல்லவில்லை நான். அதைத்தான் உடுத்த வேண்டும் என்னும் வாயைத்தான் கேட்கிறேன்.

பெண்கள் முடியைக் கத்தரித்துக்கொள்ளட்டும், சட்டையும் லுங்கியும் அணியட்டும் என்று பெரியார் பேசினார். பண்பாடு பாழாகிறதென்று பலர் கூவினார்கள். ஆலங்குளத்து வயல்களுக்கு வாருங்கள். களையெடுக்கும் பெண்கள் புடவைக்கு மேலே கணவனின் அல்லது மகனின் பழைய முழுக்கைச் சட்டையை மாட்டியிருக்கிறார்கள். வெயில் சுடவில்லை, மிளகாய்ச் செடி கீறவில்லை, முந்தானை சரியவில்லை. அவர் கேட்டதில் பாதி வரப்பிலே நிறைவேறிவிட்டது! வீடு திரும்பும்போது சிலர் சட்டையைக் கழற்றிக் கூடையில் வைத்துவிடுவது மட்டும் எனக்குப் பிடிப்பதில்லை.

அந்தச் சட்டையிலே அவர்களுக்குப் பிடித்தது எது என்று கேட்டுப் பார்த்தேன். ஒருத்தி தயங்காமல், "பை" என்றாள். பெண்ணின் உடையில் பை ஏன் இல்லை? 2018-இல் 'தி புட்டிங்' என்னும் அமெரிக்க இணைய இதழ் 80 சோடி ஜீன்சுகளை அளந்து பார்த்தது. பெண்களுக்கான முன்பை, ஆண்களுக்கானதைவிடச் சராசரியாக 48 விழுக்காடு குட்டையாம், 6.5 விழுக்காடு குறுகலாம். அங்கே பாதிப் பையாவது உண்டு. நம் புடவைக்கும் இரவிக்கைக்கும் அதுவும் இல்லை. சம்பாதித்த காசைச் சுருட்டி முந்தானையில் முடிய வேண்டும், அல்லது மார்பிலே செருக வேண்டும்.

அன்றிலிருந்து நான் தைக்கும் நைட்டி ஒவ்வொன்றிலும் பக்கத் தையலை ஒட்டி உள்ளே ஒரு பை வைக்கிறேன். கைப்பேசி முழுதாக இறங்கும் ஆழம். வாய் கோணலாக, கை நுழைய எளிதாக. தனிக் கூலி வாங்குவதில்லை. முதலில் தைத்தவற்றில் வலப்புறம் வைத்தேன். இரண்டே வாரத்தில் பீடிக்காரப் பெண்கள் நால்வர் திரும்பி வந்து, இடப்புறம் மாற்றச் சொன்னார்கள். வலப்புறம் சுளகு இடிக்கிறதாம்.