ஜோடி இல்லாத நடனம்

சிலி நாட்டின் தேசிய நடனம் குவெக்கா. ஆணும் பெண்ணும் கைக்குட்டையை வீசிக்கிட்டு ஜோடியா ஆடுறது. 1979ல அதைத் தேசிய நடனமா அறிவிச்சதே பினோசேயின் ராணுவ ஆட்சிதான்.

அந்த ஆட்சி பிடிச்சிட்டுப் போன பலர் திரும்பி வரவேயில்லை. அவங்க வீட்டுப் பெண்கள், காணாமல் போன கணவர், மகன் போட்டோவை நெஞ்சில குத்திக்கிட்டு, அதே குவெக்காவைத் தனியா ஆடினாங்க. எதிர்ல ஆள் இல்லை. கைக்குட்டை மட்டும்.

1988ல பினோசே இன்னும் 8 வருஷம் தொடரணுமா, வேண்டாமான்னு வாக்கெடுப்பு. 'வேண்டாம்' அணிக்கு டிவியில தினம் 15 நிமிஷம், 27 நாள். கொலை, சித்திரவதையை மட்டுமே காட்டியிருக்கலாம். ஆனா ஏற்கெனவே பயந்து கிடக்கிற ஜனம் அதைப் பார்த்துட்டு ஓட்டுப் போட வெளிய வருமா? (திட்டி, பயமுறுத்தி சுகர் மாத்திரை போட வைக்கலாம்னு நினைக்கிற எங்க ஓ.பி.க்கும் இந்தக் கேள்வி பொருந்தும்.)

அதனால வானவில் சின்னம். சந்தோஷம் வரப்போகுதுன்னு ஒரு பாட்டு. கூல்டிரிங்க்ஸ் விளம்பரம் மாதிரி இருக்குன்னு கடுப்பானவங்களும் உண்டு. எனக்கு அது மலிவாத் தெரியலை. ஏன்னா, அந்தப் பெண்களோட தனி ஆட்டத்தையும் அதே நிகழ்ச்சியில காட்டினாங்க.

பாட்டு மட்டும் ஜெயிக்க வைக்கலை. வாக்காளர் பட்டியல்ல பேர் சேர்க்கத் தெருத்தெருவா அலைஞ்சவங்க நிறைய. அக்டோபர் 5, 'வேண்டாம்' சுமார் 56 சதவீதம்.

1990 மார்ச்ல பினோசே அதிபர் பதவியிலிருந்து இறங்கினார். ராணுவத் தளபதியா 1998 வரைக்கும் இருந்தார். அந்தப் பெண்கள்ல பலருக்கு, அடக்கம் பண்ண ஒரு எலும்புகூடக் கிடைக்கலை.