கார்கோ என்றால் சரக்கு மட்டும்தானா?

ஆம்பூரிலோ ராணிப்பேட்டையிலோ தோல் ஏற்றுமதி கம்பெனியில் வேலை செய்யும் யாரிடமாவது "கார்கோ" என்றால் என்னவென்று கேட்டுப் பாருங்கள். சென்னைத் துறைமுகத்துக்குப் போகும் சரக்கு என்று டக்கென்று பதில் வரும். பி.காம். முதல் வருடம் படிக்கும் பையனுக்குக்கூட இது தெரியும். ஆனால் ஸ்பெயின் நாட்டுச் சட்டப் புத்தகத்தில் "கார்கோ" என்று வந்தால் பெரும்பாலும் அது சரக்கு இல்லை. பதவி! "கார்கோ பூப்ளிகோ" என்றால் பொதுப் பதவி. இரண்டுக்கும் வேர் ஒன்றுதான்: சுமை. கப்பல் சுமப்பதும் கார்கோ, கலெக்டர் சுமப்பதும் கார்கோ.

கேட்க வேடிக்கையாக இருக்கலாம். ஆனால் இப்படி ஒரு சொல்லை எப்படி மொழிபெயர்க்கிறார்கள் என்பதைப் பொறுத்துத்தான் யாருடைய சங்கதி பேப்பரில் வரலாம், யாருடையது வரக்கூடாது என்பதே மாறிப் போகிறது. எப்படி என்று பார்க்கலாம்.

சர்வாதிகாரி பிராங்கோ 1975-ல் இறந்த பிறகு ஸ்பெயின் மக்கள் 1978-ல் புது அரசியல் சட்டம் எழுதினார்கள். அதன் 18-ஆவது பிரிவு ஒரே மூச்சில் மூன்று உரிமைகளைச் சொல்கிறது: ஓனோர், இந்திமிதாத், ப்ரோப்பியா இமாஹென். 1982-ல் வந்த தனிச் சட்டம் ஒன்று இந்த மூன்றையும் விரிவாக்கியது.

கடைசியில் இருப்பது சுலபம். தன் சொந்த உருவத்தின் மீது தனக்குள்ள உரிமை. தன் போட்டோவை யார் எங்கே போடலாம் என்று தீர்மானிக்கும் உரிமை.

முதலில் இருக்கும் "ஓனோர்" ஆங்கிலத்துக்குக் கஷ்டம். ஆங்கிலச் சட்டத்தில் அவதூறு வழக்கு என்றால் "ரெபுடேஷன்" போய்விட்டது என்பதுதான் பேச்சு. அதாவது ஊரில் இருக்கும் நல்ல பெயர். ஓனோரில் ஊர் சொல்லும் பெயரும் உண்டு, ஒருவர் தனக்குள் வைத்திருக்கும் சுயமரியாதையும் உண்டு. தமிழில் இதற்கு முக்கித் திணற வேண்டாம். "மானம்" என்றால் போதும். ஆம்பூர், வாணியம்பாடி உருது வீடுகளில் "இஸ்ஸத்" என்பார்கள். இந்த இடத்தில் ஏழை ஆங்கிலம்தான்!

இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. 18-ஆம் நூற்றாண்டில் ஆற்காடு கர்நாடக நவாபுகளின் தலைநகர். வக்கீல், ஜாமீன், ஜப்தி, ஆஜர், அசல், நகல், வாரிசு, கைதி... இன்றைக்கு கோர்ட் வாசலில் கேட்கும் பாதிச் சொற்கள் பாரசீகம், அரபி வழியாக வந்து நவாப் காலத்திலும் பிறகு கம்பெனி கச்சேரியிலும் புழங்கித் தமிழானவை. கோர்ட் தமிழே ஒரு மொழிபெயர்ப்புதான். சொல் எங்கிருந்து வந்தது என்பதைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை. ஜாமீன் என்றால் வெளியே வரலாம் என்று கைதிக்குப் புரிந்தது, அது போதும்.

நடுவில் இருக்கும் "இந்திமிதாத்" ஒரு பொறி. ஆங்கிலத்தில் "இன்டிமசி" என்று எழுதினால் படுக்கையறை வாடை வந்துவிடும். அதனால் "பிரைவசி" என்று போடுகிறார்கள். தமிழில் "அந்தரங்கம்" என்ற அருமையான சொல் இருக்கிறது. சினிமா கிசுகிசுப் பக்கங்கள் அதை எங்கே கொண்டுபோய் விட்டன என்று சொல்லத் தேவையில்லை. அந்தரங்கச் செயலாளர் என்று ஒரு காலத்தில் கௌரவமாக எழுதினார்கள். இன்று எழுதினால் சிரிப்பார்கள். அதனால்தான் இப்போது "தனியுரிமை" என்ற சொல் வந்து உட்கார்ந்திருக்கிறது.

சரி, பெரிய பொறிக்கு வருவோம். 1982 சட்டத்தின் 8-ஆவது பிரிவு ஒரு விதிவிலக்கு தருகிறது. பொதுப் பதவியில் இருப்பவர், அல்லது "நோதோரியெதாத்" உள்ள, பொதுமக்கள் கவனத்தில் இருக்கும் தொழில் செய்பவர், பொது நிகழ்ச்சியிலோ எல்லோரும் வந்துபோகும் இடத்திலோ இருக்கும்போது எடுத்த படத்தைத் தடுக்க முடியாது. இந்த நோதோரியெதாத் என்பதை ஆங்கிலத்தில் "நொட்டோரியஸ்" என்று எழுதினால் நடிகரும் கிரிக்கெட் வீரரும் ரவுடி லிஸ்டில் சேர்ந்துவிடுவார்கள். ஸ்பானிய மொழியில் அதற்குப் பேர் தெரிந்தவர் என்றுதான் பொருள். கெட்ட பேரா நல்ல பேரா என்பது அதில் இல்லை.

தப்பிக்க நினைக்கும் மொழிபெயர்ப்பாளர் "பப்ளிக் ஃபிகர்" என்று போட்டு முடித்துவிடுவார். அது அமெரிக்கச் சரக்கு. 1964-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சல்லிவன் வழக்கில் அதிகாரிகளை விமர்சிக்கப் பத்திரிகைகளுக்குப் பெரிய சுதந்திரம் கொடுத்தது. 1967-ல்தான் அதைப் பதவியில் இல்லாத பிரபலங்களுக்கும் நீட்டினார்கள். இந்த ஒரு சொல்லைப் போட்டதும் இரண்டு விஷயங்கள் காணாமல் போகின்றன. ஒன்று, பதவியில் இருப்பவருக்கும் பேர் தெரிந்தவருக்கும் உள்ள வித்தியாசம். இரண்டு, ஆள் யார் என்பது மட்டும் போதாது, எந்த இடத்தில், என்ன செய்துகொண்டிருந்தார் என்பதும் வேண்டும் என்ற நிபந்தனை.

இரண்டாவதற்கு நல்ல உதாரணம் ஸ்பானிய மொழி பேசும் இன்னொரு நாடான அர்ஜென்டினாவில் இருக்கிறது. ரிக்கார்டோ பல்பின் என்ற பெரிய அரசியல் தலைவர் 1981-ல் ஆஸ்பத்திரியில் தீவிர சிகிச்சைப் பிரிவில் சாகக் கிடந்தார். அந்தக் கோலத்தில் அவரைப் படமெடுத்து ஒரு வாரப் பத்திரிகை வெளியிட்டது. அவர் மனைவி வழக்குப் போட்டார். பொதுவாழ்வில் இருந்தவர்தானே என்று பத்திரிகை வாதாடியது. 1984-ல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் மனைவி பக்கம் நின்றது. மேடையில் பேசும்போது அவர் ஊருக்குச் சொந்தம். மூச்சுத் திணறும்போது குடும்பத்துக்குச் சொந்தம்.

முதல் வித்தியாசத்துக்கு அவ்வளவு தூரம் போக வேண்டாம். தமிழ்நாடே போதும். ஆட்டோ சங்கர் வழக்கு எல்லோருக்கும் தெரியும். ஆறு கொலைகளுக்காக 1991-ல் மரண தண்டனை. செங்கல்பட்டு கிளைச் சிறையில் இருந்தபோது அவர் சுமார் 300 பக்கம் தன் வரலாறு எழுதியதாகவும், தனக்கும் பல ஐ.ஏ.எஸ்., ஐ.பி.எஸ். அதிகாரிகளுக்கும் இருந்த தொடர்பை அதில் சொல்லியிருப்பதாகவும் பேச்சு. 1994-ல் நக்கீரன் பத்திரிகை அதைத் தொடராக வெளியிடப் போவதாக அறிவித்தது. சிறைத்துறைத் தலைவரிடமிருந்து கடிதம் வந்தது: அப்படி ஒன்றை அவர் எழுதவே இல்லை, இது பொய், வெளியிடக் கூடாது. நக்கீரன் ஆசிரியர் ராஜகோபால் உச்ச நீதிமன்றம் போனார். 1994 அக்டோபர் 7-ல் தீர்ப்பு வந்தது.

இந்தியாவில் தனியுரிமையைத் தெளிவாக வரையறுத்த முக்கியமான தீர்ப்பு அது. தனியே விடப்படும் உரிமை என்கிறது தீர்ப்பு. பேச்சுத் தமிழில் "என்னை விட்டுடுப்பா" என்பதுதான் அது. தூக்குக் கைதிக்கும் அந்த உரிமை உண்டு. ஆனால் கோர்ட் ஆவணங்களில் பதிவானதை எழுத அவர் சம்மதம் வேண்டியதில்லை. அதைத் தாண்டி எழுதினால் பத்திரிகை பதில் சொல்ல வேண்டிவரும். பாலியல் வன்கொடுமை, கடத்தல் போன்றவற்றுக்கு ஆளான பெண்ணின் பெயர் ஆவணத்தில் இருந்தாலும் வெளியிடக் கூடாது.

அதிகாரிகள் விஷயம்? அவர்கள் தங்கள் கடமையில் செய்ததைப் பற்றி எழுதினால் தனியுரிமை என்று சொல்லித் தப்ப முடியாது. உண்மையா பொய்யா என்று கவலையே படாமல் எழுதியது என்று நிரூபித்தால்தான் அவர்களுக்கு வழி. அச்சாகும் முன்பே தடுக்க அரசுக்கு அதிகாரமே கிடையாது. அச்சான பிறகு வழக்குப் போடட்டும், அவ்வளவுதான். இதில் கவனிக்க வேண்டியது, ஆட்டோ சங்கரோ அவர் மனைவியோ அந்த வழக்கில் மனுதாரரே இல்லை. கைதியைக் காப்பாற்றுகிறோம் என்று சொல்லி மறைக்கப் பார்த்தது அதிகாரிகளின் பெயர்களை! 1995 ஏப்ரலில் அவர் சேலம் சிறையில் தூக்கிலிடப்பட்டார். தீர்ப்பு மட்டும் நின்றது.

இந்த மாதிரிச் செய்திகளில் தமிழில் வழக்கமாக வரும் சொல் எது? "முக்கியப் புள்ளிகள்". நடிகையும் முக்கியப் புள்ளி, அமைச்சரும் முக்கியப் புள்ளி, போலீஸ் அதிகாரியும் முக்கியப் புள்ளி. நடிகை வீட்டுச் சண்டையை எழுதுவதும் அதிகாரி வாங்கிய லஞ்சத்தை எழுதுவதும் ஒன்றுபோல் ஆகிவிடுகின்றன. படிப்பவருக்கு முதலாவது உரிமை போலவும் இரண்டாவது வம்பு போலவும் தோன்ற ஆரம்பித்துவிடுகிறது. தலைகீழ்!

இது பழைய கதை இல்லை. 2017 ஆகஸ்ட் 24-ல் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகத் தனியுரிமை அடிப்படை உரிமை என்றார்கள். நல்ல விஷயம். பிறகு 2023-ல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதன் 44-ஆவது பிரிவு, 2005-ன் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 8(1)(ஜே) என்ற பிரிவைத் திருத்துகிறது. முதலில் அதில், பொதுச் செயல்பாட்டோடு சம்பந்தமில்லாத தனிப்பட்ட தகவலைத்தான் மறுக்கலாம் என்று இருந்தது. திருத்தத்தில் அந்த வரம்பு போய்விட்டது. "தனிப்பட்ட தகவல்" என்பது மட்டும் மிச்சம். பொதுநலன் பெரிதென்றால் கொடுக்கலாம் என்று 8(2) இன்னும் இருக்கிறது, ஆனால் அதைச் சொல்லி வாதாட வேண்டிய சுமை கேட்பவர் தலையில் விழுகிறது.

பாலாற்றுத் தண்ணீரைத் தோல் கழிவு எப்படி ஆக்கியது என்று இந்தப் பக்கத்தில் யாருக்கும் பாடம் எடுக்க வேண்டாம். 1996-ல் வேலூர் குடிமக்கள் நல மன்றம் போட்ட வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதும் தெரியும்: கெடுத்தவனே காசு கட்ட வேண்டும். நாளைக்கு ஒரு விவசாயி, என் கிணற்றுப் பக்கத்துத் தொழிற்சாலைக்கு எந்த அதிகாரி சோதனை செய்து சரி என்று கையெழுத்துப் போட்டார் என்று மனுப் போட்டால், அந்தக் கையெழுத்து தனிப்பட்ட தகவலா?

ஸ்பானியச் சொல்லை வைத்துக்கொண்டு பார்த்தால் பதில் சுலபம். அந்த விவசாயி நோயாளியாக ஆஸ்பத்திரியில் படுத்திருப்பது இந்திமிதாத். அந்த அதிகாரி வீட்டில் பெண்டாட்டி பிள்ளைகளோடு சாப்பிடுவதும் இந்திமிதாத்தான். கையெழுத்து மட்டும் கார்கோ. அது பதவி, அதாவது சுமை. சம்பளம் வாங்கிக்கொண்டு தூக்கிய சுமையில் என்ன இருக்கிறது என்று கேட்டால், பெட்டியைத் திறந்து காட்டத்தான் வேண்டும். துறைமுகத்தில் கஸ்டம்ஸ்காரர் கேட்டால் ஆம்பூர் ஷூ கம்பெனி காட்டுகிறதா இல்லையா?