தப்பு காய்ந்த பிறகுதான் கெய்ன்

மன்மதன் எரியும் கதையான காமன் கூத்தை வானொலியில் நேரடியாக அஞ்சல் செய்வது லேசான வேலையல்ல. மேடை கிடையாது, திரை கிடையாது. தோட்ட லயத்துக்கு முன்னாலுள்ள காமன் பொட்டல்தான் எல்லாம். லிந்துலைப் பக்கத் தோட்டமொன்றில், மாசி மாதக் கூத்தின் கடைசி இரவுக்கு மிக்சர் பூட்டியவரின் அருகிலேயே விடியும்வரை இருந்தேன். சிறு வயதில் திருவிழாக்களுக்கு ஸ்பீக்கர் செட் சுமந்து தொழில் பழகியவர் அவர். கூட ஒரு பையன்.

மிக்சர் சின்னதுதான். பனி இறங்காமலிருக்க மேலே பொலித்தீன் விரித்திருந்தார். அறிவிப்பாளருக்கு ஓர் ஒலிவாங்கி, பாட்டு வாத்தியாருக்கு ஒன்று, தப்பு என்ற பறைக்கு ஒன்று.

"மாமா, தப்புக்கும் கெய்ன் வச்சிருவமா?"

"பொறுடா. அது இன்னும் காயல."

மலைப் பனியில் தப்பின் தோல் தொய்ந்துவிடும். அடித்தால் மந்தமாகவே கேட்கும். மானாப்புல்லைக் கொளுத்தி, தோலை அனலில் காட்டித் திருப்பித் திருப்பிக் காய்ச்சினார்கள். அப்புறம் விழுந்த முதல் அடி காதைத் துளைத்தது. குளிர்ந்த தப்பின் சத்தத்துக்கு ஏற்பக் கெய்ன் குமிழைக் கூட்டி வைத்திருந்தால் அந்த அடியிலேயே சிவப்பு விளக்கு எரிந்திருக்கும். கைபேசி இணையத்தில் போகும் ஒலி அப்படி ஒருமுறை உடைந்தால் நிலையத்தில் எவராலும் ஒட்டவைக்க முடியாது. உச்ச அடிக்கும் கொஞ்சம் இடம் விட்டுக் குமிழை நிறுத்தினார். தப்பு காயும்வரை பொறுப்பது எந்த நூலிலும் நான் காணாத பாடம்.

அடுத்தது திரும்பி வரும் குரல். நிலையத்தில் இருப்பவர் பேசுவது இங்குள்ள அறிவிப்பாளரின் காதுக்கு வரவேண்டும். ஆனால் மறுபடி நிலையத்துக்குப் போகக் கூடாது. போனால் நிலையத்தில் இருப்பவரின் பேச்சே சற்றுத் தாமதித்து அவர் காதில் விழும். எவ்வளவு பழகியவருக்கும் நாக்குத் தடுமாறும். அதனால் நிலையத்துக்கான ஒலியை 'ஆக்ஸ்' என்ற தனி வெளியீட்டின் வழியாக அனுப்பி, திரும்பி வரும் குரலின் ஆக்ஸ் குமிழை மட்டும் பூச்சியத்தில் வைத்தார்.

ஜெனரேட்டரால் ஒலிக் கம்பியில் ஏறிய இரைச்சல் வேறு. எர்த் வயரைக் கழற்றினால் இரைச்சல் போய்விடும் என்று யாரோ யோசனை சொல்ல, அவர் கையைத் தட்டிவிட்டார். ஈரத் தரையில் அது உயிரோடு விளையாடுவது. ஒலிக் கம்பியின் இடையில் சிறு டிரான்ஸ்போமர் ஒன்றை வைத்ததும் இரைச்சல் அடங்கியது.

இப்படி ஊருக்குள் வரும் வானொலிக்கும் ஒரு வரலாறு உண்டு. கொழும்பில் வானொலி தொடங்கியது 1925 டிசம்பரில். ஒலிப்பதிவுக் கருவியோடு ஊருக்குள் போய்த் தங்கும் வழக்கத்தை 1981இல் மகாவலி சமூக வானொலி கொண்டுவந்தது. லிந்துலை மலைகளின் தண்ணீர் போய்ச் சேரும் கொத்மலையில் 1989இல் சமூக வானொலி நிலையம் எழுந்தது. 1998இல் நேயர்களின் கேள்விகளுக்கு இணையத்தில் பதில் தேடி ஒலிபரப்பவும் செய்தது. ஊருக்குள் வந்த வானொலியைத்தான் மக்கள் தங்களுடையதாக நினைத்தார்கள் என்பது என் எண்ணம்.

அன்று விடியற்காலையில் கூத்தில் மன்மதன் எரிந்தபோது ரதியின் ஒப்பாரி தப்புச் சத்தத்தில் மூழ்கவில்லை. மிக்சரில் இருந்தவரின் கை ஃபேடரிலேயே இருந்தது.

வானொலி நிலையங்களுக்கு ஒரு வேண்டுகோள்: மலையகத்துக்கு அஞ்சல் செய்ய வரும்போது அந்தத் தோட்டத்து ஸ்பீக்கர் செட் இளைஞர் ஒருவரையாவது சம்பளம் கொடுத்துச் சேர்த்துக்கொள்ளுங்கள். தப்பு எப்போது காயும் என்று அவருக்குத் தெரியும்.