விதிக்கு இடம் செய்யும் வேலை

20 மே 2024, திங்கள், மெல்பர்ன்

ஜூன் 3 அன்று ஆஸ்திரேலிய மின்சந்தையின் விதி மாறுகிறது. சந்தையை நடத்தும் ஏமோ அமைப்பின் கணக்கில் பெரிய பேட்டரி ஒவ்வொன்றும் இதுவரை இரண்டு பெயரில் இருந்தது: மின்சாரம் தரும்போது உற்பத்தி நிலையம், எடுக்கும்போது நுகர்வோர். இனி இரு திசையிலும் இயங்கும் ஒரே அலகு. அதற்கு 20 விலைப்படிகள். தருவதற்குப் பத்து, எடுப்பதற்குப் பத்து. சந்தையில் பங்கேற்கும் எங்கள் நிறுவனத்தின் டேட்டாபேஸும் அதற்குள் தயாராக வேண்டும்.

22 மே, புதன்

குயின்ஸ்லாந்து முதல் டாஸ்மேனியா வரை ஐந்து பகுதிகளுக்கும் ஐந்து நிமிடத்துக்கு ஒரு விலை, நாளுக்கு 288. பணக் கணக்கு முன்பு அரை மணிக்கு ஒன்றாக இருந்தது. 2021 அக்டோபர் 1 முதல் அதுவும் ஐந்து நிமிடத்துக்குத்தான். ஏமோ அனுப்பும் ஃபைல்களை ஒரு மென்பொருள் இறக்கும்; லோடர் அவற்றை எங்கள் டேபிள்களில் ஏற்றும்.

எந்தெந்த ஃபைல் வேண்டும் என்பதற்கான சந்தாப் பட்டியலை இன்று வரிவரியாகப் பார்த்தேன். ஏலக் குழு எதைப் படிக்கிறது, பில் சரிபார்ப்பவர்கள் எதைப் படிக்கிறார்கள் என்று ஒவ்வொன்றுக்கும் எதிரே குறித்தேன். யாரும் படிக்காத ஃபைல் இடத்தை அடைக்கும். அதைவிட ஆபத்து, வேண்டிய ஃபைலுக்குச் சந்தா இல்லாமல் போவது. டேபிள் சும்மா காலியாகக் கிடக்கும். ஏன் என்று அது சொல்லாது.

27 மே, திங்கள்

புதிய விதிக்கேற்ப டேபிள்களை மாற்றும் ஸ்கிரிப்ட்டைச் சோதனை டேட்டாபேஸில் ஓட்டினோம். ஏல டேபிள்களில் ‘திசை’ என்ற நெடுவரிசை பிரைமரி கீயிலேயே சேர்ந்திருக்கிறது. இந்த மேம்படுத்தலின் உயிர்நாடி அதுதான். ஒரே அலகுக்கு ஒரே நாளில் இரண்டு ஏலங்கள் வரும். திசையை வைத்துப் பிரிக்காவிட்டால் பின்னால் வருவது முன்னதை அழித்துவிட்டு உட்காரும்.

பழைய வடிவ ஃபைல்களும் சில காலம் கிடைக்குமே, பொறுத்துச் செய்யலாமா என்று குழுவில் பேச்சு வந்தது. பேட்டரி ஏலத்தைப் படிக்கும் எங்களுக்கு அது ஒத்துவராது என்றேன். புதிய விதியைப் பழைய டேபிளில் முழுதாகப் பார்க்க முடியாது.

30 மே, வியாழன்

நிஜ டேட்டாபேஸில் வேலை. முதலில் பேக்கப், பிறகு லோடரை நிறுத்துவது, ஸ்கிரிப்ட், அதன் பிறகே சந்தாவைப் புதிய பதிப்புக்கு மாற்றுவது. இந்த வரிசை பிசகக் கூடாது. டேபிளுக்கு முன் ஃபைல் வந்தால் புதிய நெடுவரிசைக்குப் போக இடமில்லை. சந்தை யாருக்காகவும் நிற்பதில்லை. லோடர் நின்ற நேரத்திலும் ஃபைல்கள் சேர்ந்துகொண்டே இருந்தன. மீண்டும் தொடங்கியதும் வரிசையாக ஏறின. ஒவ்வொரு ஃபைலின் கடைசி வரியும் மொத்தம் எத்தனை வரி என்று சொல்கிறது. அதை வைத்து, எல்லாம் முழுதாக வந்ததா என்று சரிபார்த்தோம்.

3 ஜூன், திங்கள்

விதி நடைமுறைக்கு வந்துவிட்டது. எரிசக்திச் சந்தை ஆணையம் இதை முடிவுசெய்தது 2021 டிசம்பரில். எழுதிய விதி, பங்கேற்கும் ஒவ்வொரு நிறுவனத்தின் டேபிளிலும் இடம்பிடித்த பிறகுதான் உண்மையில் விதியாகிறது. பெரிய நிறுவனமானாலும் சிறியதானாலும் ஒரே எண்ணைப் பார்த்து ஏலம் கேட்பதில்தான் இந்தச் சந்தையின் நியாயம் இருக்கிறது. ஆகவே டேட்டாபேஸ் மேம்படுத்தலுக்கான ஆளையும் பணத்தையும் விதி வரைவாக இருக்கும்போதே ஒதுக்க வேண்டும். அடுத்த திட்டக் கூட்டத்தில் நான் முதலில் கேட்கப்போவது இதைத்தான்.