நாட்குறிப்பின் பின்பக்கங்கள்

‘சாப்பிட்டாயிற்றா?’ என்று நம் ஊரில் ஒருவர் கேட்டால், அது கேள்வி அன்று, அன்பின் ஓசை. ‘ஆயிற்று’ என்ற ஒரு சொல்லோடு முடிந்துவிடும். வெளியே கிளம்புகிறவரை ‘எங்கே?’ என்று கேட்கலாகாது. விடைபெறும்போது ‘போகிறேன்’ என்னாமல் ‘போய் வருகிறேன்’ என்போம். துக்க வீட்டிலோ அதையும் சொல்லாமல் எழுந்து வந்துவிட வேண்டும். காப்பி தரட்டுமா என்றால் முதல் முறை ‘வேண்டாம்’ என்பது மரியாதை. அந்த ‘வேண்டாம்’ என்பதை அப்படியே நம்பிவிடுவது மரியாதைக் குறைவு. இவற்றை எவரும் நமக்குப் பாடமாகச் சொல்லித் தரவில்லை. எப்படியோ வந்துவிட்டன.

என் தம்பிக்கு அப்படி வரவில்லை. அவன் ஒவ்வொன்றாகக் கண்டறிந்து எழுதி வைத்தான். ஆண்டுதோறும் கிடைக்கும் ஆயுள் காப்பீட்டு நாட்குறிப்பின் பின்பக்கங்களில், ‘சாப்பிட்டாயிற்றா என்றால் ஆம் எனல் போதும், என்ன சாப்பிட்டேன் என்று விரிக்க வேண்டா’ என்று தொடங்கி, இருபது ஆண்டுக் குறிப்புகள் அவனிடம் உண்டு. அவற்றை முதன்முறை படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. பத்துப் பக்கம் புரட்டிய பின் வரவில்லை.

கேளம்பாக்கத்தில் உப்பளங்களைத் தாண்டி வரும் காற்று படும் வீடு எங்களுடையது. தம்பி பழைய மாமல்லபுரம் சாலையில் ஒரு நிறுவனத்தில் கணக்கு எழுதுகிறான். திருமண வீடுகளில் மொய் எழுத உறவினர் அவனைத்தான் உட்கார வைப்பார்கள். யார் வீட்டுக்கு எந்த ஆண்டு 501 எழுதினோம், அவர்கள் திருப்பி எவ்வளவு எழுதினார்கள் என்பதெல்லாம் அவனுக்கு நினைவில் நிற்கும். மொய் என்பது ஏட்டில் ஏறிய உறவு. அங்கே அவனுக்குத் தடுமாற்றம் இல்லை. பந்தியில் பக்கத்து இலைக்காரரிடம் என்ன பேசுவது என்பதில்தான் திகைப்பு. திருப்பலியிலும் அவ்வாறே. எப்போது எழுவது, எப்போது முழந்தாளிடுவது, குருவானவர் சொல்வதற்கு என்ன மறுமொழி என்பதெல்லாம் வகுக்கப்பட்டவை. பலி முடிந்து, ஆலய முற்றத்தில் எல்லோரும் கூடி நிற்கும் அந்தக் கால் மணி நேரம்தான் அவனுக்குக் கடினம். மூலையில் நிற்கும் அவனைக் கர்வி என்று சொன்னவர்கள் உண்டு.

நாற்பத்து மூன்று வயதில் அவனே கேட்டான்: “அக்கா, இதற்கு ஒரு பெயர் இருக்கிறதாம். எனக்கு அது பொருந்துமா என்று அறிய வேண்டும்.” இந்த வயதில் எதற்கு என்றார்கள் உறவினர்கள். “கர்வியா, அன்பற்றவனா என்று நானும் என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். விடை தெரிந்தால் நல்லது” என்றான்.

அந்தப் பெயர் ஆட்டிசம். ‘மதியிறுக்கம்’ என்ற தமிழாக்கம் எனக்கு உவப்பாக இல்லை. அவன் மதியில் இறுக்கம் எதையும் நான் கண்டதில்லை. அவன் பள்ளியில் படித்த நாளில் இந்தச் சொல்லை எங்கள் ஆசிரியர்கள் எவரும் சொல்லிக் கேட்டதில்லை. 1995-ஆம் ஆண்டு ஊனமுற்றோர் சட்டத்தின் பட்டியலிலும் அது இல்லை. 1999-இன் தேசிய அறக்கட்டளைச் சட்டத்தில் இடம்பெற்று, 2016-இன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில்தான் முழு உரிமை பெற்றது. எங்கள் ஊரிலிருந்து கோவளம் சென்று வடக்கே திரும்பினால், முட்டுக்காட்டில் பல்வகை ஊனமுற்றோருக்கான தேசிய நிறுவனம் 2005 முதல் இருந்து வருகிறது. அவ்வழியே போகும்போது, ஆட்டிசம் என்றால் பேச்சு வராத குழந்தை என்றே எண்ணிக் கடந்துவிடுகிறோம். அக்குழந்தைகள் வளர்வார்கள் என்பதும், பேச்சு வந்தவர்களிடமும் அது இருக்கலாம் என்பதும் நம் நினைவுக்கு வருவதில்லை. நம் நாட்டில் வகுக்கப்பட்ட 40 கூறுகள் கொண்ட மதிப்பீட்டு அளவுகோலும் பெரிதும் சிறுவரையும் இளையோரையும் மனத்தில் கொண்டதுதான்.

பெரியவர்களுக்கான மதிப்பீட்டில் இரத்தப் பரிசோதனையோ படமோ எதையும் நிறுவுவதில்லை. உளவியலார் பல அமர்வுகளில் பேசுகிறார், பார்க்கிறார். முக்கியமாக, மழலைப் பருவம் எப்படி இருந்தது என்று சொல்ல ஒரு சாட்சி வேண்டும். எங்கள் வீட்டில் அந்தச் சாட்சி எழுபத்தாறு வயது அம்மா.

அம்மா அஞ்சினார். விசாரணைக்கு அழைக்கப்பட்டவரைப்போல் புடவைத் தலைப்பைப் பற்றிக்கொண்டு அமர்ந்தார். அதற்குக் காரணம் உண்டு. 1943-இல் லியோ கானர் என்ற மருத்துவர் அமெரிக்காவில் 11 குழந்தைகளைப் பற்றி எழுதிய கட்டுரையிலேயே, பெற்றோரின் கனிவின்மை பற்றிய குறிப்பு வந்துவிட்டது. 1967-இல் புரூனோ பெட்டல்ஹைம் தம் நூலில் அந்தப் பழியைத் தாயார் தலையில் நன்றாகவே ஏற்றினார். ஆட்டிசம் உள்ள மகனின் தந்தையான பெர்னார்டு ரிம்லாண்டு, இது உடலமைப்பின் வழி வருவது என்று 1964-இலேயே எழுதியிருந்தும் பழி எளிதில் இறங்கவில்லை. அம்மா இவர்களில் எவரையும் படித்தவர் அல்லர். ஆனால் ‘நீ வேலைக்குப் போனாய், பிள்ளை இப்படி ஆனான்’ என்ற அதே தீர்ப்பு எங்கள் வீட்டுத் திண்ணையிலும் கூறப்பட்டது. “பிறவியிலேயே அமைந்தது, அம்மா; நீங்கள் செய்த எதனாலும் வந்ததன்று” என்று உளவியலார் சொன்னபோது, அம்மா மறுமுறை சொல்லச் சொல்லிக் கேட்டார்.

முடிவு வந்தது. தம்பிக்கு ஆட்டிசம் உண்டு. நாட்குறிப்பை வாங்கிப் பார்த்த உளவியலார், இப்படி விதி விதியாய்க் கற்று நடிப்பதில் எவ்வளவு களைப்பு இருக்கும் என்று கேட்டார். அந்தக் களைப்பை அதுவரை எங்களில் எவரும் கேட்டதில்லை. டேமியன் மில்டன் என்ற ஆங்கிலேயச் சமூகவியலார், தாமும் ஆட்டிசம் உள்ளவர், 2012-இல் ஒரு கருத்தை முன்வைத்தார்: புரியாமை ஒருபக்கத்தது அன்று, அவர்கள் நம்மைப் புரிந்துகொள்ளத் திணறும் அளவுக்கு நாமும் அவர்களைப் புரிந்துகொள்ளத் திணறுகிறோம். எனக்கு அது நியாயமாகவே படுகிறது. இருபது ஆண்டாக நம்மைப் பற்றிக் குறிப்பெடுத்தவன் அவன். அவனைப் பற்றிக் குறிப்பெடுத்தவர் யார்?

இப்போது வீட்டில் சுற்றி வளைப்பதைக் குறைத்திருக்கிறோம். காப்பி வேண்டுமானால் வேண்டும் என்கிறோம். துக்க வீட்டுக்குப் போகுமுன் “எவ்வளவு நேரம் அமர வேண்டும்?” என்று அவன் கேட்டால், நான் நிமிடக் கணக்கில் சொல்கிறேன்.

அறிக்கை வந்த மறுவாரம் அம்மா ஒரு மாலை, நெடுநாள் மனத்தில் வைத்திருந்ததைக் கேட்டார்: “சின்ன வயதில் நான் அணைத்தால் திமிறுவாயே, அது உனக்கு வலித்ததா?”

தம்பி வழக்கம்போல் நன்கு யோசித்துத்தான் விடை சொன்னான். “எல்லா நாளும் இல்லை, அம்மா. ஞாயிற்றுக்கிழமை நீங்கள் கோயிலுக்குக் கட்டும் புடவையில் கஞ்சி இருக்கும். அது குத்தும்.”

அம்மா சிரித்தார், நெடுநேரம் சிரித்தார். அந்த வாரம் முதல் எங்கள் வீட்டில் புடவைக்குக் கஞ்சி போடுவதில்லை.