வரப்பும் வரியும்

பாத்தி கட்டாத நிலத்தில் நீர் பாய்ச்சினால் மேடு காயும், பள்ளம் அழுகும். எழுத்தின் நிலையும் அஃதே என்பதை யாம் அன்னூர்த் தோட்டத்திற் பிறந்து வளர்ந்தும் அங்குக் கற்றிலேம். கணிப்பொறியின் முன்னிருந்தே கற்றோம். தமிழ் பயிலும் மாணாக்கருக்குக் கணிப்பொறியில் என்ன வேலை என்று நண்பர் சிலர் நகைத்தனர். அவர்க்கு விடையாகவே இதனை எழுதப் புகுந்தோம்.

சென்ற விடுமுறையில் எம் அம்மாயி வாயினின்று ஊர்ச்சொற்களைக் கேட்டுத் தொகுத்தோம். ஆசாரம், பொடக்காலி, கட்டுத்தரை, கவலை முதலியன அவை. கவலை என்பது ஈண்டு மனத்துயரன்று. எருது பூட்டிக் கிணற்றுநீர் இறைக்கும் ஏற்றம். மின்விசைப் பொறி வந்தபின் அஃது ஒழிந்தது. அதன் உறுப்புக்களின் பெயரும் முதியோரோடு மறைந்து வருகின்றன. ஆதலின் அச்சொற்களை ஓர் இணையப் பக்கத்தில் ஏற்ற விழைந்தோம்.

இணையப் பக்கத்தில் எழுத்தின் நிறம், அளவு, இடைவெளி ஆகிய கோலத்தை வகுப்பது சி.எஸ்.எஸ். என்னும் பாணித்தாள். ஹோக்கோன் வியூம் லீ என்பார் 1994இல் முன்மொழிந்த இது, 1996இல் வலைத்தர நிர்ணயக் குழுவினரால் ஏற்கப்பெற்றது. பயன் பெரிதாயினும் பழைய முறையில் ஒரு தொல்லையுண்டு. தொகையுள் அடங்கிய சொல், சொல்லுள் அடங்கிய குறிப்பு என ஒன்றனுள் ஒன்றாய் நிற்பவற்றுக்கு விதி செய்யுங்கால், மூன்று பெயரையும் ஒவ்வொரு முறையும் முழுதுங் கூறவேண்டும். யாமும் அவ்வாறே எழுதினோம். சின்னாளில் எம் தாள் எமக்கே விளங்காதாயிற்று. ஒரு நிறத்தை மாற்றப் புகுந்தால், அது வந்த இடமெல்லாம் தேடி அலைய நேர்ந்தது.

நிற்க. இத்தொல்லை தீர்க்க 2006இல் ஹாம்ப்டன் கேட்லின் வகுத்து, நாடலி வைசன்பாம் உருவாக்கியது சாஸ் என்னும் முன்செயலி. சாஸ் நடையை உலாவி நேரே அறியாது. முன்செயலியே அதனைச் சி.எஸ்.எஸ். ஆக்கித் தரும். அதன் முதல் நடையில் நெளிவடைப்புமில்லை, அரைப்புள்ளியுமில்லை. ஒன்றன்கீழ் அடங்குவதை அடுத்த வரியிற் சிறிது உள்தள்ளி எழுதினாற் போதும். தலையில் ஒருமுறை கூறிய பெயர் கீழுள்ளவற்றிற்கெல்லாம் சென்று பொருந்தும். நன்னூலார் கூறிய சூத்திர நிலை நான்கனுள் ஆற்றொழுக்கு எம் நினைவுக்கு வந்தது. நிறத்திற்கும் ஒரு பெயரிட்டுத் தாளின் தலையில் வைத்துவிட்டால், அங்கு மாற்ற எங்கும் மாறும். எம் தாள் சுருங்கிற்று, படிக்கவும் இனிதாயிற்று.

ஏட்டுச்சுவடியில் முன்னோர் செய்யுளை அடி பிரியாது தொடர்ந்தெழுதினர். அச்சில் வெற்றிடம் கண்ணுக்குத் துணையாயிற்று. இந்நடையிலோ வெற்றிடமே இலக்கணம். ஆகலின் பிழையும் ஆண்டே பிறக்கும். சிறு திரையில் குறிப்பை மட்டும் மறைக்க யாம் எழுதிய வரியொன்று, இரண்டு வெற்றிடம் வெளியே தள்ளி நின்றது. அதனால் அவ்விதி குறிப்பை விட்டுச் சொல்லையே சென்று பற்றிற்று. இலக்கணப்படி அது வழுவன்மையின் முன்செயலியும் தடுத்திலது. எம் மேசைத் திரையிற் பக்கம் நன்றாகவே தோன்றிற்று. பெருமிதத்தோடு அம்மாயியின் கையிற் கைப்பேசியைக் கொடுத்தோம். கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தவர், “ஏங்கண்ணு, நாஞ் சொன்ன சொல்லையெல்லாம் எங்க வெச்சே?” என்றார். தலைப்பைத் தவிர அங்கு ஒன்றுமில்லை! யாம் நாணினோம்.

அன்று தொட்டுச் சில நெறிகளைக் கைக்கொண்டோம். உள்தள்ளல் எங்கும் இரண்டு வெற்றிடமே. தாவல் விசையை அதனோடு கலப்பதில்லை. கலந்தால் முன்செயலியே மறுத்துவிடும். மூன்று நிலைக்கு மேல் உள்ளடக்குவதில்லை. மிக ஆழ்ந்த விதியைப் பின்னர் மற்றொரு விதியால் வெல்லுதல் அரிது. முடிவில் வெளிவரும் சி.எஸ்.எஸ். தாளையும் படித்து, சிறு திரையிலும் பார்த்த பின்னரே வெளியிடுகின்றோம்.

2010இல் சாஸ் நெளிவடைப்பு நடையொன்றையும் ஏற்றது. பலரும் அதனையே விரும்பினர். 2023இல் முதன்மையான உலாவிகளும் உள்ளடக்கி எழுதும் முறையைத் தாமே அறிந்தன. அவ்வாறாயின் இப்பழைய நடை எற்றுக்கெனின், அடைப்பிட்டு எழுதுவோன் வரிகளை ஒழுங்கின்றி வைத்தாலும் பொறி பொறுத்துக்கொள்ளும், இந்நடை பொறாது. பிறர் படிக்குமாறு எழுதும் பழக்கத்தை இது வலிந்து கற்பிக்கின்றது.

யாம் இரண்டாண்டில் இக்கல்லூரியை விட்டேகுவோம். எம் தாளைப் பின்வரும் மாணாக்கர் ஒருவர் திறப்பார். எது எதன்கீழ் நிற்கின்றதென்று அவர் கண்டவுடன் உணர்வாராயின், புதிய சொற்களைச் சேர்ப்பார். உணராராயின் பக்கத்தையே கைவிடுவார். அம்மாயியின் கவலை இன்னும் சில தலைமுறை வாழ்வது அவ்விரண்டு வெற்றிடத்தில் இருக்கின்றது. வரப்பைச் செம்மையாகக் கட்டிச் செல்வது எம் கடன்.